இருபது அறைக்குள் ஒரு படகின் பெயர்

மீன்பிடித் துறைமுகமான டோங்காங்கில் ஐந்தாம் மாதத்து மழை பிடித்துக்கொண்டால் யாருக்கும் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. சூரை மீன் வருகிற பருவமும் அதுதான், தென்மேற்குக் காற்று வெறிபிடித்து அலைகிற பருவமும் அதுதான். படகுகள் போகாமல் இருக்க முடியாது. போனவர்கள் திரும்பும்வரை கரையில் இருப்பவர்களுக்கு வாயில் வைத்த கஞ்சி இறங்காது. பெண்கள் துவைத்த துணியை மறுபடி துவைப்பார்கள். ஆண்கள் ஏலக்கூடத்து வாசலில் நின்று ஒன்றுமில்லாத கடலைப் பார்ப்பார்கள்.

அந்த ஊரில் பனிக்கட்டி ஆலைக்கு எதிரே ஒரு மாடியில் எங்கள் கடை இருந்தது. படகுகளுக்கான அபாயப் பெட்டி செய்கிற கடை. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சோற்றுத் தூக்கு அளவுதான் இருக்கும். மேலே ஒரு மூடி, மூடிக்குள் சிவப்புப் பொத்தான். நடுக்கடலில் ஆபத்து வந்தால் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி உடனே படகின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் கரைக்குச் சொல்லத் தொடங்கும். மின்கலம் தீரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். கரையில் மீனவர் சங்கத்துக் காவலறையில் ஒரு திரை, திரைக்கு முன்னால் லூ என்ற மனிதர். அவ்வளவுதான் ஏற்பாடு. பெட்டிகளுக்கு ரப்பர் வளையம் போட்டு, தண்ணீர் புகாமல் மூடுவது என் வேலை. பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவள் பி-யூ.

பி-யூவுக்குக் கடல் சொந்த ஊர் இல்லை. கரும்புத் தோட்டங்கள் இருக்கும் உள்நாட்டு ஊரிலிருந்து தம்பி யொங்-தாயையும் இழுத்துக்கொண்டு வந்தவள். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி ஆகிம் அம்மாளின் படகில் இயந்திரம் பார்க்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அதனால் காற்று அடிக்கும்போதெல்லாம் அவளுக்கும் மற்ற வீட்டுப் பெண்களைப் போலவே பயம்தான். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டாள். காற்று கூடக்கூட விசைப்பலகையை வேகமாகத் தட்டுவாள், அதை வைத்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஆகிம் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று படகுக்குச் சொந்தக்காரி. மெல்லிய சிகரெட்டும் ரப்பர் பூட்சுமாக ஏலக்கூடத்தில் நடந்து வந்தால் வியாபாரிகள் விலையை ஒருமுறை மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். கணவர் ஓட்டிய முதல் படகின் பெயர் ஷுன் யீ ஷெங், எண் இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றால்தான் குடும்பம் தலையெடுத்தது. கணவர் போன பிறகு மகனுக்கு ஒரு படகும், கூலிக்கு வைத்த படகுத் தலைவனுக்கு ஒரு படகும் கட்டினாள். பெயர் மாற்ற மனம் வரவில்லை. அந்த ஊரில் யாருக்குமே வராது, ராசியான பெயரை யார் விடுவார்கள்? எண்ணை மட்டும் நீட்டினாள். நான்கு ஆகாது, அது சாவின் எண். ஆறும் எட்டும் நல்லவை. வாங்-யே சாமி கோயிலில் குறி பார்க்கும் மரக்கட்டை உருட்டிக் கேட்டுவிட்டு, கணவரின் இருபத்தொன்றுக்குப் பின்னால் ஓர் ஆறைச் சேர்த்து இருநூற்றுப் பதினாறு, ஓர் எட்டைச் சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு என்று வைத்தாள். ஊர் வாயில் அவை பதினாறு, பதினெட்டு. மகன் மிங்-சுங் பதினாறில் தலைவன். பி-யூவின் தம்பி பதினெட்டில்.

இந்த இரண்டு புதுப் படகிலும் எங்கள் பெட்டி ஆரம்பத்திலிருந்தே சண்டித்தனம் செய்தது. மின்கலம் காலி என்று சிவப்பு விளக்கு எரியும். புது மின்கலம் போட்டாலும் எரியும். கம்பியை மாற்றினோம், பெட்டியையே மாற்றினோம், விளக்கு அணையவில்லை. பழைய இருபத்தொன்றில் மட்டும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அது தன் புருஷன் கைராசி என்று ஆகிம் அம்மாள் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் எங்கள் கடையைத் திட்டுவாள்.

பி-யூ அந்த விளக்கோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் காரணம் தெரிந்தது. பயப்படாதீர்கள், இதைப் புரிந்துகொள்ளக் கணினி படித்திருக்க வேண்டாம். நானே படித்தவள் இல்லை, பக்கத்தில் இருந்து கேட்டவள்.

பி-யூ நிரல் எழுதுகிற சி மொழியில் ஒரு பெயர் என்பது வரிசையான அறைகளில் குடியேறிய எழுத்துகள். ஓர் அறைக்கு ஓர் எழுத்து. பெயர் இத்தோடு முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசி எழுத்துக்கு அடுத்த அறையில் ஒரு சுழியம் உட்கார்ந்திருக்கும். பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க அந்த மொழியோடு கூடப் பிறந்த பழைய கட்டளை ஒன்று உண்டு. அதன் கண்ணுக்குச் சுழியத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. சுழியம் வரும்வரை அள்ளி வந்து கொட்டும். போய்ச் சேருகிற வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்று கேட்கவே கேட்காது. அறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்து, அங்கே இருந்ததை அழித்துவிட்டுக் குடியேறிவிடும்.

எங்கோ ஒரு நகல் இப்படிச் சிந்தி, மின்கலத்தின் அளவை வைத்திருக்கும் அறையில் போய் விழுகிறது என்று பி-யூ கண்டுகொண்டாள். எந்த இடத்தில் சிந்துகிறது என்று தேட அவளுக்குப் பொறுமை இல்லை. நிரலில் நூறு இடத்தில் நகல் நடக்கிறது. எங்கேயும் எப்போதும் சிந்தவே முடியாதபடி தானே ஒரு புதிய நகல் கட்டளை எழுதினாள். எத்தனை அறை என்று முதலில் கேட்டுக்கொள்ளும். கொள்ளுகிற அளவு எழுத்தை வைக்கும், கடைசி அறையில் தவறாமல் சுழியத்தை உட்காரவைக்கும். மிஞ்சிய எழுத்தை விட்டுவிடும். நூறு இடத்திலும் பழையதைப் பிடுங்கிப் புதியதை நட்டாள். பெட்டிகளில் ஏற்றினோம். இரண்டு படகிலும் விளக்கு பச்சையானது.

கடையில் அவளோடு வேலை செய்கிற வெய்-டிங்குக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவளைவிட மூன்று நான்கு வயது இளையவன். எதையும் சாப்பிட்டுக்கொண்டேதான் பேசுவான். அன்றைக்கு இலைப்பொதிச் சோற்றைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"வெட்டுறது சரி அக்கா. வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"யாருகிட்ட சொல்றது? நடுக்கடல்ல இருக்கிற பெட்டி யாருகிட்ட போய்ச் சொல்லும்?"

"கூப்பிட்டவன்கிட்ட சொல்லட்டும். கொண்டுச்சா, கொள்ளலையான்னு ஒரு பதிலைத் திருப்பி அனுப்பு."

பதில் அனுப்புகிற கட்டளைகள் எத்தனையோ ஏற்கனவே இருக்கின்றன, எவன் அந்தப் பதிலைப் பார்க்கிறான், நீ பார்க்கிறாயா என்று அவள் கேட்டாள். அவன் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டான். அவன் பார்ப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து நேரத்தில் பெட்டி நின்றுவிடக் கூடாது, ஓர் எழுத்துக் குறைந்தாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் பத்திரம் என்று அவள் முடித்தாள். அவன் அந்தக் கட்டளைக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து கடையில் அதற்கு அதுவே பெயர். விளக்கு பச்சையான சந்தோஷத்தில் ஆகிம் அம்மாள் சூரை மீனின் வயிற்றுத் துண்டு ஒன்றைப் பனிக்கட்டியில் பொதிந்து கொடுத்தனுப்பினாள். கத்தரிக்கோலுக்குக் கூலி என்று வெய்-டிங் அதில் பாதியைத் தின்றான். எல்லோரும் விளக்கையே பார்த்தோம். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழையில்தான் அது நடந்தது.

காலையிலிருந்தே வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. பனிக்கட்டி ஆலையின் தகரக் கூரை விடாமல் அடித்துக்கொண்டது. தெற்கே போன படகுகள் திரும்பத் தொடங்கிவிட்டதாகவும் சில இன்னும் வானொலியில் பேசவில்லை என்றும் தெருவில் செய்தி. பி-யூ விசைப்பலகையைத் தட்டிய தட்டலில் என் ரப்பர் வளையங்கள் மேசையில் குதித்தன. ஏதாவது சாப்பிடு என்றேன். பால்மீன் கஞ்சியை ஆறவிட்டு, ஆறியதை அப்படியே நகர்த்தி வைத்தாள்.

தொலைபேசி மணி அடித்தது. ஆகிம் அம்மாள்தான். ஏலக்கூடத்துச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது.

"பொண்ணே, என் இருபத்தொண்ணு கரையில மல்லாந்து கிடந்து பெயிண்ட் அடிச்சுக்குது. உன் பெட்டி அது கடல்ல முழுகுதுன்னு சொல்லுதாம். உங்க ஊர்ல தரையிலதான் முழுகுவாங்களா?"

காவலறைத் திரையில் அபாயக் குரல் வந்திருக்கிறது. ஷுன் யீ ஷெங், எண் இருபத்தொன்று. இடம், தெற்கே வெகுதூரத்தில் ஆழ்கடல். லூ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். படகு பட்டறையில் பாதி நீலமும் பாதி துருவுமாக இருபத்தொன்று அவர் கண்ணெதிரிலேயே நிற்கிறது. சிரித்துவிட்டு ஆகிம் அம்மாளைக் கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார். மூடியைத் திறந்து போட்டுவிட்டு, பொத்தானில் கை பட்டுக் கத்தவிடுவது படகுகளில் வழக்கமான கூத்துதான், அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டிக்கே பைத்தியம் பிடித்திருக்கிறது, அது சொல்லும் இடத்தை மட்டும் எப்படி நம்புவது என்று அந்த அழைப்பைப் பொய்க்குரல் கணக்கில் மூடிவிட்டார்.

என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று பி-யூ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போனாள். போகும்போது அவளுக்கு இருந்தது எரிச்சல்தான், பயம் இல்லை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே பாக்கு மென்றுகொண்டு சீட்டாடினார்கள். பெட்டி எங்கே என்று கேட்டாள். படகை மேலே ஏற்றிய அன்றே கழற்றியாயிற்று, உள்ளே அலமாரியில் இருக்கிறது என்றார்கள். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்தாள். மின்கலமே இல்லை. அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெட்டி கத்தவே முடியாது.

ஸ்கூட்டரை நிறுத்தி வைத்த இடத்துக்கும் அலமாரிக்கும் நடுவில் அவள் முன்னும் பின்னுமாக நடந்தாளாம். பாக்கு மென்றவர்கள் பிறகு சொன்னார்கள். வேறு யாரோ பெயரை மாற்றி ஏற்றிவிட்டார்களா? ஏற்றியது அவள்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரை விரலால் தடவித் தடவி எண்ணினாள். பெட்டி ஆங்கில எழுத்தில்தான் பேசும். ஷுன் என்பதற்கு நான்கு எழுத்து, ஓர் இடைவெளி. யீ இரண்டு, ஓர் இடைவெளி. ஷெங் ஐந்து, இன்னோர் இடைவெளி. எண் என்பதற்கு இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும். அப்புறம் இரண்டு இலக்கம். மொத்தம் பத்தொன்பது. விரல் அங்கே நின்றது. இன்னோர் இலக்கம் இருந்தால் இருபது. படகுப் பெயர் இருபது எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பதிவு விதி. அந்த விதியைப் பார்த்துத்தான் அவள் இருபது அறை கட்டினாள்.

இருபது எழுத்துக்கு இருபது அறை. சுழியத்துக்கு?

விருந்துக்கு வருகிறவர்களை எண்ணி இலை போட்டுவிட்டு, பரிமாறுகிறவளுக்கு ஓர் இலை போட மறந்த கதை. சி மொழிக்காரர்கள் மட்டுமே செய்கிற பிழை இது, அவர்களில் எல்லோரும் ஒருநாள் செய்வார்கள். பழைய கட்டளை இருபது எழுத்தையும் முழுசாக வைத்துவிட்டுச் சுழியத்தைப் பக்கத்து வீட்டில் வீசியது. பக்கத்து வீடு மின்கலம். அதனால்தான் காலி என்று சிவப்பு விளக்கு. அப்போது விளக்குப் பொய் சொன்னது, பெயர் உண்மையாக இருந்தது. கத்தரிக்கோல் வந்த பிறகு விளக்கு உண்மை சொன்னது. சுழியத்துக்கு இடம் கொடுக்கக் கடைசி இலக்கம் போயிற்று.

கடையில் தொலைபேசி அடித்தது. வெய்-டிங் எடுத்தான், பட்டறையிலிருந்து பி-யூ. நான் வளையத்தைக் கீழே வைத்தேன்.

"சோதனைப் பெட்டியில இருநூத்திப் பதினாறைப் போட்டு அனுப்பு. திரையில என்ன வருதுன்னு படி."

அவன் தட்டினான், பொத்தானை அழுத்தினான். படிக்க ஆரம்பித்தவன் நடுவில் நிறுத்திவிட்டான்.

"படிடா."

"இருபத்தொண்ணுன்னு வருது அக்கா."

"பதினெட்டைப் போடு."

அவன் போட்டான். தொலைபேசியை என் பக்கம் நீட்டினான். அதுவும் இருபத்தொன்றுதான் என்று கடைசியில் நான்தான் குனிந்து சொன்னேன்.

ஆகிம் அம்மாளின் மூன்று படகும் கரைக்கு ஒரே படகாகிவிட்டன. அந்த ஒன்று லூவின் ஜன்னலுக்கு வெளியே பத்திரமாக நிற்கிறது. கத்துவது மகனின் படகா, தம்பியின் படகா என்பது பெட்டிக்குத் தெரியும். சொல்லத்தான் அதற்கு எழுத்து இல்லை.

பி-யூ லூவைக் கூப்பிட்டாள். மூடிய அழைப்பைத் திறக்க வேண்டுமானால் படகுக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டும் என்றார் அவர். அதுவும் நியாயம். அவள் ஏலக்கூடத்துக்குப் போனாள். தரை முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரும் மீன் ரத்தமும். வால் வெட்டிய சூரைகள் வரிசையாகக் கிடந்தன. ஆகிம் அம்மாள் ஒரு வியாபாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், தரையில் முழுகினவங்களைக் காப்பாத்தியாச்சா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இந்த இடத்தை ஆகிம் அம்மாளே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பி-யூவின் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். கையைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம், ஆனால் சுற்றி வளைக்கவில்லையாம்.

"அம்மா, கத்துறது இருபத்தொண்ணு இல்ல. பதினாறோ பதினெட்டோ, ரெண்டுல ஒண்ணு. கடைசி எண்ணை என் நிரல் வெட்டிடுச்சு. பெட்டி சொல்ற இடம் நிஜம். நீங்க சொன்னாத்தான் லூ நம்புவாரு."

"எது? எந்தப் படகு?"

"தெரியலம்மா."

ஆகிம் அம்மாள் கையை ஓங்கினாள். அடிக்கத்தான் போனேன் என்று அவளே சொல்வாள். ஓங்கிய கை அப்படியே இறங்கி இடுப்புப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தது.

"லூ, அது என் படகு. எதுன்னு கேட்காதே, என்னோடது. ஆளை அனுப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். கடலோரக் காவல் கப்பல் ஒன்று கிளம்பியது. இரண்டு பெண்களும் காவலறைக்கு ஓடினார்கள். லூ வானொலியில் பதினாறைக் கூப்பிட்டார், பதினெட்டைக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். நாற்காலி இருந்தும் யாரும் உட்காரவில்லை. ஆகிம் அம்மாள் சிகரெட்டைப் பற்றவைத்தாள், அணைத்தாள், அதையே மறுபடி பற்றவைத்தாள். பி-யூ சுவரில் இருந்த கடல்படத்தில் பெட்டி சொன்ன இடத்துக்கு மேல் விரலை வைத்து நின்றாள். எடுத்தால் அந்த இடம் தொலைந்துவிடும் என்பது போல நின்றாள்.

இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் கரகரத்தது. பதினெட்டு. காற்றில் வானொலிக் கம்பம் சாய்ந்துவிட்டது, இப்போதுதான் நிமிர்த்தினோம், எல்லோரும் சுகம் என்றான் தலைவன். அவனுக்குப் பின்னால் இயந்திர அறைப் படிக்கட்டிலிருந்து யாரோ ஏதோ கத்தினார்கள். அது யொங்-தாயின் குரல் என்று பி-யூவுக்குத் தெரிந்தது.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஆகிம் அம்மாளின் ஞாபகம் வந்தது. பதினெட்டு பேசிவிட்டால் முழுகுவது பதினாறு. தன் உடம்பில் இறங்கிய நிம்மதி பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆகிம் அம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. லூவின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"மிங்-சுங் தண்ணியில இருக்கான். இடம் சொல்றேன், எழுதிக்கோ. வலையை அறுத்துப் போடு, மீனைக் கொட்டு, எனக்கு ஒண்ணும் வேணாம். போ."

இடத்தைச் சொல்ல அவள் திரும்பியபோது பி-யூவின் விரல் இன்னும் படத்தில்தான் இருந்தது. விரலுக்கு அடியிலிருந்த எண்களை பி-யூதான் ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுத்தாள். படித்துவிட்டுத் திரும்பவும் படிக்கச் சொன்னாள், தலைவன் அங்கிருந்து படித்துக் காட்டினான்.

காவல் கப்பலுக்கு முன்னால் பதினெட்டுதான் போய்ச் சேர்ந்தது. படகு கவிழ்ந்து, அடிப்பாகம் மட்டும் திமிங்கில முதுகு மாதிரி தெரிந்ததாம். மிதவையில் ஆறு பேர். மிதவையில் இடமில்லாமல் மிங்-சுங் தண்ணீரிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறான். எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் கயிற்றைச் சுற்றிய அவன் இடக்கையைப் பிரிக்க யொங்-தாயும் இன்னொருவனும் சேர்ந்து விரல் விரலாகக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. லூ சிரித்ததற்கும் ஆகிம் அம்மாள் திட்டியதற்கும் பி-யூ அலமாரிக்கு முன்னால் நடந்ததற்கும் இடையில் போன நேரமெல்லாம் அந்த விரல்களில்தான் மடங்கிக் கிடந்தது.

பி-யூ வேலையை விட்டு ஓடிவிடுவாள் என்று நான் நினைத்தேன். ஓடவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும்படி அலைந்தாள். துறைமுகத்தில் நடக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். கட்டியிருக்கும் படகுகளின் பெயரையெல்லாம் எழுத்தெழுத்தாக எண்ணுவாள். சோறு வாங்கப் போனால் கடைப் பலகையை எண்ணுவாள். ஊரில் இருந்த எங்கள் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, புது நிரல் ஏற்றி, பெயரை அனுப்பிப் படித்துப் பார்த்த பிறகுதான் படகை விட்டாள். சில தலைவர்கள் முகத்தில் அடித்தாற்போல் பேசினார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

வெய்-டிங் நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள், சொல்லித் தொலையேன் என்று.

"என்னத்தைச் சொல்றது? நான் எழுதியிருந்தா கொள்ளலைன்னு ஒரு பதில் வந்திருக்கும். நானே அதைப் பார்த்திருக்க மாட்டேன். நீ அன்னிக்கே கேட்டியே."

மறுபடி சண்டை போட்டார்கள். ஆனால் இந்தமுறை ஒரே பக்கத்தில் நின்று போட்ட சண்டை. புதுக் கட்டளை பிறந்தது. முழுசாகக் கொண்டால், சுழியத்தோடு சேர்த்துக் கொண்டால் மட்டும் நகலெடுக்கும். ஓர் எழுத்து மிஞ்சினாலும் ஒன்றையும் எடுக்காது, முடியாது என்று பதில் அனுப்பும். அந்தப் பதிலைக் கையில் வாங்காத நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியே ஏற்றுக்கொள்ளாதபடி வெய்-டிங் கட்டுப் போட்டான். பார்க்காமல் விட்டால் வேலையே நடக்காது. நடுக்கடலில் யாரிடம் சொல்வது என்ற பி-யூவின் பழைய கேள்விக்கும் வழி செய்தார்கள். பெயர் ஏற்றுவது கரையில், கடை மேசையில். கொள்ளாவிட்டால் பெட்டி அங்கேயே கத்தட்டும், கேட்க ஆள் இருக்கும்போதே கத்தட்டும். அப்புறம் பி-யூ பெயருக்கான அறைகளில் இன்னொன்றைக் கூட்டினாள். கூட்டிவிட்டு எண்ணை வெகுநேரம் பார்த்தாள். இருபத்தொன்று.

ஆகிம் அம்மாள் எங்கள் கடைப் படியேறவில்லை. தெருவில் பார்த்தால் பி-யூவைத் தாண்டிப் பனிக்கட்டி ஆலையைப் பார்ப்பாள். யொங்-தாயை மட்டும் வேலையில் வைத்திருந்தாள். கோடை போயிற்று, மழையும் போயிற்று. புத்தாண்டுக்கு முன்பு வடக்குக் காற்று வீசத் தொடங்கியபோது ஒருநாள் ரப்பர் பூட்சின் சத்தம் படியில் கேட்டது. பின்னால் மிங்-சுங், மடங்கிய கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

புதுப் படகு கட்டியாயிற்று என்றாள், யாரைப் பார்த்தும் இல்லை, மேசையைப் பார்த்து. பதினாறு கடலோடு போயிற்று, அந்த எண்ணை மறுபடி வைக்கக் கூடாது. கோயிலில் கேட்டதில் ஆறும் எட்டும் இரண்டுமே வேண்டும் என்று வந்திருக்கிறது. ஷுன் யீ ஷெங், எண் இரண்டாயிரத்து நூற்று அறுபத்தெட்டு.

பதிவு விதி இருபது எழுத்தைத்தானே கேட்கிறது என்று வெய்-டிங் ஆரம்பித்தான். அதெல்லாம் இப்போது நீட்டிவிட்டார்கள் என்று மிங்-சுங் சொன்னான். பி-யூ பெயரைத் தட்டினாள். பெட்டி வீறிட்டது. நானே வளையத்தைத் தவறவிட்டேன். ஆகிம் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன இது, கழுத்தைத் திருகின கோழி மாதிரி?"

"பேரு கொள்ளலம்மா. ஓர் எழுத்து அதிகம்."

"அதுக்கு இந்தக் கத்தலா? வெட்டிக்கோயேன், உனக்குத்தான் வெட்ட வருமே."

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. பி-யூவின் முகம் சிவந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"நான் வெட்ட மாட்டேன். இன்னும் பத்து அறை வேணும்னா கட்டித் தர்றேன். இல்ல, எதை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் இது கத்தும்."

ஆகிம் அம்மாள் பெட்டியைப் பார்த்தாள். மகன் பைக்குள் வைத்திருந்த கையைப் பார்த்தாள். எவ்வளவு அறை இருக்கிறது என்று கேட்டாள். இருபத்தொன்று, அதில் ஒன்று சுழியத்துக்கு என்றான் வெய்-டிங். அதைக் கேட்டதும் அவள் உதட்டோரம் கொஞ்சம் இளகியது.

"அது போதும். அது என் புருஷன் எண்ணு, அறையை அதுக்கு மேல நீட்ட வேணாம். நடுவுல எண்ணுன்னு போட்டிருக்கே, அதைத் தூக்கு. எண்ணு எண்ணுதான்னு மீனுக்கா தெரியணும்?"

பி-யூ அந்த இரண்டு எழுத்தையும் புள்ளியையும் எடுத்துவிட்டுத் தட்டினாள். வீறிடல் நின்றது. பொத்தானை அழுத்தினாள். சோதனைத் திரையில் பெயர் வந்தது. அவள் எழுத்தெழுத்தாக, இடைவெளியையும் விடாமல், கடைசி எட்டுவரை உரக்கப் படித்தாள்.

ஆகிம் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவ படி," என்றாள்.